கத்தக் கஞ்சி

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் ஒன்றுக்குக் கல் வைத்தார்கள். என்னையும் அழைத்துப்போய் முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினார்கள். பேச வந்த ஒருவர் என்னைக் கைகாட்டி, காய்ச்சல் வருஷத்தில் ஊரெல்லாம் கையை மூடிக்கொண்டபோது அள்ளிக் கொடுத்த தாய் இவர்தான் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வயது போனதால் இருக்க முடியவில்லை போலும் என்று நினைத்திருப்பார்கள். என் இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு வந்தது கோபம்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னார். மற்றப் பாதி தெரிந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிய இன்னும் சில வருஷங்கள் இருந்தன. மழை இல்லாமல் ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி, அங்கிருந்து நுளம்பு கிளம்பி, வீட்டுக்கு வீடு காய்ச்சல் பரவியது. எங்கள் வீடு புத்தளத்துக்கு வடக்கே, களப்போரம். அந்தக் காய்ச்சலில்தான் என் கணவர் மௌத்தானார். ஏழு நாள் நடுங்கினார். எட்டாம் நாள் காலையில் நடுக்கம் நின்றது. குணமாகிவிட்டது என்று நினைத்து நான் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

அன்றிலிருந்து எனக்கு இத்தா. விதவையானவள் நாலு மாதமும் பத்து நாளும் அறையிலேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண் முகத்தைப் பார்க்கக் கூடாது, தன் குரலும் அவர்கள் காதில் விழக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அறை வாசலில் வெள்ளைச் சீலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பெண்கள் அதை விலக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஆண்களில் என் காக்கா மட்டும் வரலாம், கூடப் பிறந்த அண்ணன் என்பதால். தென்னந்தோட்டம், கொப்பரா, கூலி, கச்சேரிக் கடதாசி எல்லாவற்றையும் காக்கா பார்த்துக்கொண்டார். சொத்து என்னுடையது, நடமாட்டம் அவருடையது.

இரண்டாம் வாரம் டீச்சர் வந்தார். களப்புக்கு அப்பால், பள்ளிவாசல்துறைப் பக்கத்துக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பெண். எங்கள் பகுதிப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அக்கா என்பதை எங்கள் பெண்கள் மாதிரியே ராத்தா என்பார். காய்ச்சலால் பாடசாலை மூடிக் கிடந்தது. சம்பளம் இல்லாத அந்த நேரத்தில் இவர் வீட்டுக்குப் போகாமல், இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எலுவன்குளத்துக்குப் போகும் தெருவின் வளைவில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டிருந்தார். காட்டோரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே கஞ்சியும், காய்ச்சல் மருந்தாக அரசாங்கம் அனுப்பும் கொயினாக் குளிசையும் கொடுத்தார்கள்.

"ராத்தா, வெறும் வயித்தில குளிசையப் போட்டிட்டுச் சனம் சத்தி எடுக்குது. முதல்ல கஞ்சி போகவேணும். மதுரங்குளியில கொப்பரா முதலாளி ஒருத்தர் தாறார். புத்தளத்தில உப்பளக்காரர் ஒருத்தர் தாறார். நீங்களும் தந்தா மழை வரைக்கும் தாக்குப்பிடிச்சிடுவம்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. எங்களில் ஒருவர் மௌத்தானால் கத்தம் கொடுப்போம். குர்ஆன் ஓதி, ஏழைகளுக்குச் சோறு கொடுத்து, அந்த நன்மை கபுர்க் குழியில் இருப்பவருக்குப் போய்ச் சேரட்டும் என்று கேட்பது வழக்கம். நாற்பதாம் நாள் கத்தத்தில் வயிறு நிறைந்தவர்களுக்கே மறுபடி சோறு போடுவதைவிட இது நல்லதல்லவா? காக்காவையும் டீச்சரையும் முன்னால் வைத்துக்கொண்டு இன்னதற்கென்று வாய்விட்டு நிய்யத்து வைத்தேன், நேர்ந்துகொள்வது மாதிரி. என் கணவரின் பெயரில், இத்தா முடியும் வரை, கொட்டிலில் ஊற்றும் கஞ்சிக்கு அரிசியும் தேங்காயும் என்னுடையது. அன்று இரவு அவர் போன பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

கஞ்சி குடிக்கும் தேங்காய்ச் சிரட்டையும் எங்கள் தோட்டத்துடையதுதான். டீச்சர் ஆளுக்கொரு சிரட்டை கொடுத்து, எழுதத் தெரியாத சனம் என்பதால் ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு அடையாளம் கீறினார். ஒரு குடும்பத்துக்கு ஒரே அடையாளம். குடித்து, கழுவி, கொட்டிலின் கூரை வளையில் கட்டிய கயிற்றில் மாட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் வந்து தங்கள் சிரட்டையை எடுப்பார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு டீச்சர் ஒரு வேலை செய்தார். காட்டோரத்தில் சனம் பசியில் சாகிறது என்று மாவட்டத்தை ஆண்ட வெள்ளைக்கார ஏஜெண்டுத் துரைக்குக் கடிதம் எழுதினார். துரை அதை விசாரிக்கச் சொல்லி அனுப்பியது அந்தப் பகுதிக்கு ஊரதிகாரியான விதானைக்கு. விதானையோ, காய்ச்சல் உண்டு, பட்டினி இல்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தவர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்! டீச்சரை அவர் ஒன்றும் செய்யவில்லை. கொடுக்கிறவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சுகம் விசாரித்தார். அவ்வளவுதான். கொப்பரா முதலாளி அடுத்த தேங்காய் வெட்டுக்குப் பார்ப்போம் என்று ஆள் அனுப்பினார். உப்பளக்காரருக்கு அந்த வாரமே கொழும்பில் அவசர வேலை வந்துவிட்டது.

"நமக்குப் பயமில்ல" என்றார் காக்கா. "நம்மட கத்தக் கஞ்சி எண்டு விதானையாருக்கிட்ட நானே சொல்லிட்டன். மாப்பிள்ளை மௌத்தான வீட்டில கத்தம் குடுக்காம இரிக்க ஏலுமா? அவரும் தலையாட்டிட்டுப் போறாரு."

வடக்குத் தோட்டம் அரசாங்கக் குத்தகைக் காணி. அந்த வருஷம் குத்தகை புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு விதானையின் வாய்ச்சொல் வேண்டும். காக்கா இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். கத்தக் கஞ்சி என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. பசிக்குக் கொடுத்தால் பசி இருக்கிறது என்று ஆகிவிடும். கபுருக்குக் கொடுத்தால் யாருக்கும் நோகாது.

இத்தாவில் ஐம்பதாம் நாள் இருக்கும். மத்தியானத்தில் டீச்சர் சீலையை விலக்கிக்கொண்டு வந்து, தோளில் கிடந்த கயிற்றைப் பாயில் இறக்கினார். கயிற்றில் பதினொரு சிரட்டைகள் கோத்திருந்தன.

"நாலு நாளா இதுகளை ஒருத்தரும் எடுக்கல்ல, ராத்தா."

"சுகமாகி வேலைவெட்டிக்குப் போயிரிப்பாங்க."

"இல்ல. பதினொண்டும் ஒரே கிராமம். கொட்டில்ல இருந்து நாலு கட்டை தூரம். நடக்க ஏலாமக் கிடக்குதுகள்" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "உங்கட மாட்டுக் கரத்தை ரெண்டும் சும்மாதானே நிக்குது. ஒண்டைத் தாங்க. கஞ்சியும் குளிசையும் கொண்டுபோய்க் குடுத்திட்டு, கடுமையான ஆக்களைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஏத்தி வரலாம்."

கொப்பரா விலை விழுந்து கிடந்ததால் கரத்தைகள் சும்மா நின்றது உண்மைதான். மாடுகளும் சும்மாதான் நின்றன. ஆனால் காய்ச்சல்காரர்களைப் படுக்கவைத்துக்கொண்டு என் கரத்தை பட்டப்பகலில் புத்தளம் தெருவால் போனால், விதானை எழுதிக் கொடுத்ததைப் பொய் என்று நானே தமுக்கடித்த மாதிரி. அதை யாரும் கத்தம் என்று சொல்ல முடியாது.  வாயில் வந்ததோ வேறு.

"நான் கஞ்சிக்கெண்டுதான் நிய்யத்து வச்ச, டீச்சர். கரத்தைக்கெண்டு வைக்கல்ல. வச்ச நிய்யத்த மாத்த ஏலாது."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் வேறு மார்க்கத்துப் பெண், எங்கள் நிய்யத்தைப் பற்றி என்னோடு வாதாட மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"அந்தச் சனத்துக்கிட்ட நான் என்னண்டு சொல்ல, ராத்தா?"

"கஞ்சி இரிக்கிது. வந்து குடிக்கச் சொல்லுங்க."

நடக்க முடியாதவர்களைப் பற்றித்தான் அவர் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். என் காதிலும் அது விழுந்திருந்தது. அவர் குனிந்து கயிற்றைச் சேர்த்தார். பெரிய சிரட்டை ஒன்றும் சின்னச் சிரட்டை ஒன்றும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஒரே கீறல், ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கோடும். "இது தாயும் மகளும்" என்று, எனக்கென்று இல்லாமல், சொல்லிக்கொண்டு எடுத்துத் தோளில் போட்டார்.

அவர் போன பிறகு எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. கையை நீட்டினால் தோளைப் பிடிக்கிறார்கள் என்று, பார்க்க வந்த பெண்களிடம் எல்லாம் சொன்னேன். அரிசி கேட்டார், கொடுத்தேன். தேங்காய் கேட்டார், கொடுத்தேன். கடிதம் எழுத என்னைக் கேட்டாரா? இப்படி ஆறு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழுகையில் நின்றால் மட்டும் சிரட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. அறையில் சிரட்டை ஒன்றும் இருக்கவில்லை.

ஏழாம் நாள் காலை காக்கா நல்ல முகத்தோடு வந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், தங்கச்சி. கொட்டில்ல கஞ்சி மிஞ்சுது. பத்து நாளா மிஞ்சுதாம். சனத்துக்குத் தேவை குறைஞ்சி போச்சி. இனி அரிசியையும் குறைச்சி அனுப்புவம்."

"மிஞ்சின கஞ்சிய என்ன செய்தாங்க?"

"வீசவா ஏலும்? வாளியில கொண்டந்து நம்மட கரத்தை மாட்டுக்குத்தான் ஊத்தின. நல்லாக் குடிக்கிது."

 பதினொரு பேரின் கஞ்சி நாலு கட்டை தூரம் போக வழியில்லாமல் என் மாட்டுத் தொட்டிக்கு வந்திருக்கிறது. அதைச் சுமந்து போயிருக்க வேண்டிய மாடுகள் தலையைக் குனிந்து குடித்திருக்கின்றன. மாடு குடித்தபோது நிய்யத்து முறியவில்லை. கரத்தை கேட்டபோது மட்டும் முறியப் பார்த்தது! கஞ்சிக்கு நிய்யத்து வைத்தேனாம். யார் குடிக்கக் கஞ்சி? அதை நான் நினைக்கவே இல்லையா? நினைத்திருந்தேன். விதானையை நினைத்ததும் மறந்துவிட்டேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

"காக்கா, கரத்தையப் பூட்டச் சொல்லுங்க. டீச்சர் எங்க போகச் சொல்றாங்களோ அங்க போகட்டும்."

காக்காவின் முகம் மாறியது. குத்தகையைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார், என் கணவரின் ஆட்கள், காணி போனால் சும்மா இருப்பார்களா என்றார். நாளைக்கு யோசித்துச் சொல், அவசரம் என்ன என்றார். கெட்ட மனிதர் இல்லை என் காக்கா. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆறு நாள் நானும் அதே ஆளாகத்தான் இருந்தேன்.

"கஞ்சி குடிச்ச மாடுதானே, காக்கா. நடக்கட்டும்" என்றேன்.

கரத்தை அன்றே போனது. டீச்சரும் கூடப் போனார். மறுநாள் பின்னேரம் அவர் வந்து சீலையை விலக்கியபோது, சேலையெல்லாம் செம்மண். கயிற்றைப் பாயில் வைத்தார். எடை குறைந்த சத்தம் கேட்டது.

"நாலு பேருட்ட அவங்கட சிரட்டையக் குடுத்திட்டன். ரெண்டு பேரை ஆஸ்பத்திரியில விட்டிருக்கு. மத்த ரெண்டும் இனித் தேறும்" என்றார்.

மற்ற ஏழும் பாயில் கிடந்தன. நான் எண்ணாமலே அந்தச் சின்னச் சிரட்டை கண்ணில் பட்டது. வட்டம், உள்ளே கோடு. பெரியது இல்லை. தாய் இருக்கிறாள், மகள் இல்லை.

"எப்ப?" என்று கேட்டேன்.

"முந்தநாள்."

அவர் என்னை ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பேன். அவருக்கு இரண்டுக்கும் நேரம் இருக்கவில்லை. "நாளைக்கும் கரத்தை வேணும், ராத்தா. பக்கத்துக் கிராமத்துக்கும் போய்ப் பாக்கவேணும்" என்றார். அதைக் கேட்பதற்காகத்தான் செம்மண்ணோடு இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். ஒவ்வொன்றையும் என் வாசலுக்கு வந்து கேட்க வேண்டும் என்று நான்தானே பழக்கி வைத்தேன்.

"ரெண்டு கரத்தையும் எடுங்க. அரிசியை அரிசியாக் குடுங்க, வித்துப் பாலா வாங்கிக் குடுங்க, உங்கட இஷ்டம். இனி என்னத்துக்கெண்டு என்னட்டக் கேக்க வராதீங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, என் வீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

ஐந்தாறு நாளில் விதானை வந்தார். முன் விறாந்தையில் கதிரை இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. குரலில் தேன் ஒழுகியது. மௌத்தானவரின் குணங்களைச் சொன்னார். கத்தம் கொடுப்பது நல்ல காரியம், ஆனால் நாற்பது எப்போதோ முடிந்துவிட்டதே என்றார். கரத்தைகளைப் பற்றித் துரையவர்கள் கேட்கிறாராம். ஒரு கடதாசி எழுதிக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கொட்டில் இன்ன வீட்டாரின் கத்தம், பட்டினி நிவாரணம் அல்ல, கத்தம் முடிந்ததால் மூடப்படுகிறது. தங்கச்சிக்காகக் காக்கா கையெழுத்து வைத்தால் போதும். குத்தகை விஷயத்தையும் தானே முன்னின்று முடித்துத் தருவதாகச் சொன்னார்.

 கடதாசி விரிபடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து சீலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.  என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது.

"காக்கா, கையெழுத்து வைக்க வேணாம். விதானையார் கேட்டுக்கொள்ளட்டும். அது கத்தக் கஞ்சி இல்ல. பசிக் கஞ்சி. பசியிலயும் காய்ச்சல்லயும் ஒரே கிராமத்தில ஏழு பேர் மௌத்து. கொட்டிலுக்குக் குடுக்கிறது நான். கரத்தை ரெண்டும் என்ட. துரை கேட்டா என்ட பேரச் சொல்லுங்க."

 விறாந்தையில் கதிரை பின்னால் தள்ளுப்பட்டது. விதானை ஸலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கியதாகப் பிறகு சொன்னார்கள்.

நான் நினைத்தமாதிரி உலகம் இடியவில்லை, நினைத்ததில் பாதி நடந்தது. வடக்குத் தோட்டத்தின் குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. காக்கா ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்நிய ஆணோடு பேசியதால் என் இத்தா முறிந்துவிட்டது, முதலிலிருந்து இருக்க வேண்டும் என்று பெண்கள் சிலர் தீர்ப்புச் சொன்னார்கள். உப்பளக்காரர் இரண்டு மூட்டை அரிசி அனுப்பி, தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெயரோடு தரட்டும், இல்லாவிட்டால் திருப்பிக்கொண்டு போகட்டும் என்று குதித்தேன். டீச்சர் சிரித்துவிட்டு, "பேருக்கு உங்கட பேர் போதும், ராத்தா. அரிசிய இறக்குங்க" என்றார். கொழும்பிலிருந்து டொக்டர் ஒருவர் மோட்டாரில் வந்து சேர இன்னும் மூன்று வாரம் எடுத்தது.

இத்தா முடிந்த அன்று குளித்து, உடுத்து, உறவினர் வீடுகளுக்குப் போக வேண்டும். நான் கரத்தையில் ஏறி நேரே கொட்டிலுக்குப் போனேன். பெயரளவில் நாலு மாதமாக நான் நடத்திய கொட்டிலை அன்றுதான் பார்த்தேன். நினைத்ததைவிடச் சின்னது. புகை. வரிசையாகச் சனம். ஒரு பெண் கஞ்சியை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, சிரட்டையைக் கழுவி மாட்டினாள். வட்டம், உள்ளே கோடு. பிறகு இரண்டு கையையும் ஏந்தி, வாய்க்குள் துஆவாக எதையோ கேட்டு, முகத்தில் தடவிக்கொண்டாள்.

டீச்சர் என்னைக் காட்டி அவளிடம் ஏதோ சொன்னார். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். என்னைவிட வயது குறைந்தவள், முன்பல் விழுந்திருந்தது.

"கத்தக்கார உம்மா நீங்கதானா? ஒரு நாளும் மறந்ததில்ல. கஞ்சி குடிச்சா உங்கட மாப்பிள்ளைக்குத் துஆ கேக்காம நான் எழும்புறல்ல."

கத்தம் என்று சொல்லித்தானே கொடுத்தோம். கொட்டிலில் யாரும் அதை மாற்றிச் சொல்லவில்லை போலும்.

"உங்கட புள்ளைக்குக் கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டன், உம்மா. வெறுங்கையால கேட்ட. அவட பேருல ஒருவாய் குடுக்க எங்களுட்ட என்ன இரிக்கிது?"

  அந்தப் பிள்ளை மௌத்தானது, நான் நிய்யத்து என்று சொல்லிக்கொண்டு அறைக்குள் இருந்த ஆறு நாட்களில் கடைசி நாள். இதைத் தாயிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. விதானைக்குச் சொல்ல வந்த குரல், இவளிடம் வரவில்லை. இன்று வரை அவள் அதை அறியாள்.

"இண்டைக்கு இந்தக் கஞ்சி உங்கட புள்ளைட கத்தம். எல்லாரும் கேக்கட்டும். பேரைச் சொல்லுங்க" என்றேன்.

அவள் சிரட்டைகள் தொங்கும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு மகளின் பெயரைச் சொன்னாள். வரிசையில் நின்ற பெண்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதில் எனக்கு ஆறுதல் கிடைத்தது என்று எழுதினால் பொய்யாகும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அது தாயுடையது. ஆனால் என்னைக் கதிரையில் இருத்தி, கொடுத்தவள் என்று கைகாட்ட வருகிறவர்கள் முதலில் என் பக்கத்தில் வந்து குனியட்டும். அந்தப் பெயரை அவர்கள் காதில் சொல்கிறேன். அதற்குப் பிறகும் சொல்ல முடிந்தால் சொல்லட்டும்.